ஆறரை மணிப் பாய்ச்சல்: மிளகோடு பழகிக் கற்றுக்கொண்டவை

பூனைக்குட்டி வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே எல்லோர் வீட்டிலும் எழும் கேள்வி ஒன்று உண்டு. இவ்வளவு நேரம் நன்றாகத்தானே தூங்கிக்கொண்டிருந்தது, திடீரென்று ஏன் இப்படி வீடு முழுக்கத் தலைதெறிக்க ஓடுகிறது? எங்கள் வீட்டில் மிளகு வந்த புதிதில் என் மாமியார் கேட்டார்: "என்னம்மா இது, பேய் பிடிச்ச மாதிரி ஓடுது? டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடேன்."

காட்டினோம். அது எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான். மிளகு எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில், ஒரு ஸ்கூட்டரின் அடியில் தனியாகக் கத்திக்கொண்டிருந்த குட்டி. தாய் திரும்பி வரவில்லை. மருத்துவர் வாயைத் திறந்து பார்த்து, எல்லாம் பால் பற்கள், இரண்டு இரண்டரை மாதம் இருக்கும் என்றார். குடற்புழு மருந்து கொடுத்தார், தடுப்பூசிக்கு நாள் குறித்தார். ஓட்டத்தைப் பற்றிக் கேட்டபோது, "ஓடலைன்னாதான் நீங்க என்கிட்ட வரணும்" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

முதலில் பிடிபட்டது நேரம். சாயங்காலம் ஆறரை வாக்கில் ஒரு தடவை, விடியற்காலை ஐந்து மணிக்கு முன்னால் ஒரு தடவை. நடுப்பகலில் அவள் பொட்டலம் கட்டினாற்போல் சுருண்டு கிடப்பாள். பூனை இரவு விலங்கு என்று பொதுவாகச் சொல்கிறோம், ஆனால் அது அதிகம் இயங்குவது அந்தியிலும் விடியலிலும்தான், எலியும் சிறு பறவையும் நடமாடும் அரையிருட்டு வேளை அதுதானே. குட்டிகள் ஒரு நாளில் பதினெட்டு இருபது மணி நேரம்கூடத் தூங்கும். மிச்சமிருக்கும் கொஞ்ச நேரத்தில் மொத்தச் சக்தியும் ஒரேயடியாக வெளியே வருகிறது. நாய் மாதிரி நெடுந்தூரம் துரத்திக்கொண்டே போகும் உடம்பு பூனைக்குக் கிடையாது. அசையாமல் காத்திருந்து, சில நொடிகளில் சீறிப்பாய்ந்து, காரியத்தை முடித்துவிட வேண்டிய உடம்பு அது. புலி பதுங்குவது பாய்வதற்குத்தான் என்பது நம் வீட்டுக் கூடத்திலேயே நடக்கிறது, அவ்வளவுதான் விஷயம்.

ஒரு பாய்ச்சல் எப்படித் தொடங்குகிறது என்று கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? நான் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். மிளகு சோபாவின் காலுக்குப் பின்னால் இருப்பாள். கண்ணின் கருமணி விரிந்து, மஞ்சள் நிறம் ஓரத்தில் மெல்லிய வளையமாக மட்டும் தெரியும். மீசை மயிர் முன்பக்கம் குவியும். முன்பாதி உடம்பு தரையோடு தரையாக ஒட்டியிருக்க, பின்புறம் மட்டும் இடமும் வலமுமாக ஆடும், பின்கால்கள் மாறி மாறி தரையை மிதித்துப் பிடி தேடும். வால் நுனி துடிக்கும். அப்புறம் ஒரே தாவல். மிதியடி சறுக்கிக்கொண்டு சுவர் வரைக்கும் போகும், டி.வி. மேசைக்கடியில் புகுந்து மறுபக்கம் வந்து, கட்டிலில் ஏறி இறங்கி, நடுக்கூடத்தில் சட்டென்று நின்று, முதுகை வளைத்து, வால் மயிரெல்லாம் சிலிர்த்து இரண்டு மடங்கு தடித்து, நண்டு போலப் பக்கவாட்டில் நாலு குதி குதிப்பாள். எதிரில் யாருமே இருக்க மாட்டார்கள். மாமியார் "கண்ணுக்குத் தெரியாதது ஏதோ தெரியுது இதுக்கு" என்பார். அந்தப் பக்கவாட்டுக் குதி, குட்டிகள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்போது செய்வது. கூடப்பிறந்ததுகள் இல்லாததால் காற்றோடு செய்கிறாள். எனக்கு அது புரிந்த நாளில் மனசு கொஞ்சம் கனத்துத்தான் போனது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், ஓட்டத்தை நிறுத்துவது எப்படி என்று யோசிக்கும் வரைக்கும் எதுவும் நடக்காது. சேட்டை என்று நாம் சொல்வதற்குள் ஒரு வரிசை இருக்கிறது: உற்றுப் பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, பாய்வது, பிடித்துக் கடிப்பது, தின்பது, பிறகு உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொண்டு தூங்குவது. குட்டி வீட்டுக்குள் செய்யும் ஓட்டத்தில் முதல் பாதி மட்டும்தான் இருக்கிறது. பிடிக்க எதுவும் இல்லை. அதனால்தான் அது முடியாமல் நீண்டுகொண்டே போகிறது, அப்புறம் நம் கணுக்காலில் வந்து முடிகிறது. அந்த வரிசையைக் கடைசி வரைக்கும் நடத்திக் கொடுத்தால் குட்டி தானாகவே அடங்கும். நான் கற்றுக்கொண்டதன் சாரம் இவ்வளவுதான். மிச்சமெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதுதான்.

இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட ஒரு ஆய்வு இந்த இடத்தில் எனக்கு மிகவும் உதவியது. வெளியே போய் வேட்டையாடும் வீட்டுப் பூனைகளோடு தினம் 5 முதல் 10 நிமிடம் வீட்டார் விளையாடியபோது, அவை வீட்டுக்குப் பிடித்துக்கொண்டு வரும் இரை 25 சதவீதம் குறைந்தது. இறைச்சிப் புரதம் அதிகமுள்ள உணவு கொடுத்தபோது 36 சதவீதம் குறைந்தது. விளையாட்டும் வேட்டையும் பூனைக்குள் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவாக என்ன வேண்டும்? அதற்கும் முன்னால் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் பிராட்ஷா உள்ளிட்டவர்கள் செய்த ஆய்வுகளில், பசியோடு இருக்கும் பூனை பொம்மையோடு இன்னும் வேகமாக விளையாடுகிறது என்றும், ஒரு பொம்மையில் ஆர்வம் வடிந்த பூனையின் முன்னால் வேறொன்றை வைத்தால் மறுபடி சூடு பிடிக்கிறது என்றும் தெரியவந்தது. அவை வளர்ந்த பூனைகளை வைத்துச் செய்தவை, ஆனால் குட்டியிடமும் நான் கண்டது அதுதான். "வாங்கின பொம்மையை ஒரு நாளைக்கு மேல திரும்பிப் பார்க்கலை" என்று அலுத்துக்கொள்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பூனை சலித்துவிடவில்லை, அந்த இரை செத்துவிட்டது. இரண்டு நாள் பெட்டிக்குள் வைத்துவிட்டு எடுங்கள், புதுசாகிவிடும்.

பொம்மைக்குப் பெரிய செலவு தேவையில்லை. துடைப்பத்திலிருந்து நீளமான ஈர்க்குச்சிகள் நாலைந்தைச் சேர்த்துக் கட்டி, நுனியில் ஒரு முழ நாடாவில் துணி முடிச்சு. எங்கள் வீட்டில் இன்றைக்கும் இதுதான் முதலிடம். ஆட்டும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. பலரும் பொம்மையைக் குட்டியின் முகத்துக்கு நேரே கொண்டுபோய் ஆட்டுகிறார்கள். எந்த எலி பூனையைப் பார்த்து ஓடி வரும்? அது விலகித்தான் ஓடும். தவிரவும் பூனைக்கு மூக்குக்கு மிகக் கிட்டத்தில் இருப்பது தெளிவாகத் தெரியாது, சற்றுத் தள்ளி அசைவதுதான் கண்ணில் படும். ஆகவே முடிச்சைத் தரையில் அவளிடமிருந்து விலகிப் போகிற மாதிரி இழுங்கள். நடுவில் நிறுத்துங்கள். மேசைக் காலுக்குப் பின்னால் மறைத்து, நுனி மட்டும் தெரிய லேசாக அசையுங்கள். அந்த நிறுத்தத்தில்தான் குட்டி பதுங்கும், பின்புறத்தை ஆட்டும். வேகமாகச் சுழற்றிக்கொண்டே இருந்தால் குட்டிக்கு மூச்சிரைக்குமே தவிர, வேட்டை நடக்காது.

பிடிக்க விடுங்கள். இதை மறந்துவிடுகிறோம். நாலு தடவை பாய்ந்தால் ஒரு தடவையாவது கையில் சிக்க வேண்டும், சிக்கியதும் அவள் கட்டிப்பிடித்துப் பின்கால்களால் உதைத்துக் கிழிக்க வேண்டும். கடைசியில் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, முடிச்சை "சாக" விட்டு, அவள் வாயில் வைத்துக்கொண்டு நடக்கும்போது உணவுத் தட்டை வையுங்கள். நான் கொஞ்சம் வேகவைத்த கோழி கொடுப்பேன், உப்பு, மஞ்சள், மிளகாய் எதுவும் இல்லாமல். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு நஞ்சு, குழம்பிலிருந்து கோழித் துண்டை எடுத்துக் கழுவிக் கொடுப்பதும் கூடாது. தின்று முடித்ததும் முன்காலை நக்கி முகம் துடைத்து, நாம் சொல்லாமலே போய்ப் படுத்துக்கொள்வாள். லேசர் விளக்கை நான் இதனால்தான் தொடுவதில்லை. அந்தச் சிவப்புப் புள்ளியைப் பூனை ஒருநாளும் பிடிக்க முடியாது. கண்ணில் பட்டால் ஆபத்து வேறு.

ஒரே மூச்சில் அரை மணி நேரம் விளையாட வேண்டியதில்லை. பத்து நிமிடம், ஒரு நாளில் மூன்று நான்கு தடவை, அதில் ஒன்று அந்த ஆறரை மணிக்குச் சற்று முன்னால், இன்னொன்று நாம் படுக்கப் போகும் முன். ஓட ஆரம்பித்த பிறகு பிடிப்பதைவிட, ஓடப்போகிறாள் என்று தெரிந்து முந்திக்கொள்வது ரொம்ப சுலபம்.

விடியற்காலைப் பாய்ச்சலுக்கு இதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை. இரவு பத்து மணிக்கு ஒரு வேட்டை, அதன்மேல் வயிறு நிறைய உணவு. அப்படியும் போர்வைக்குள் கால்விரல் அசைந்தால் அவளுக்கு அது எலிதான், பாய்வாள். அப்போது காலை ஆட்டாமல் அசையாமல் வைத்துக்கொள்ளுங்கள். எழுந்து சாப்பாடு வைத்தீர்களோ, நாளையிலிருந்து நாலரை மணிக்கே எழுப்புவாள். கத்திக் கத்திப் பார்த்து ஒன்றும் நடக்கவில்லை என்றால் விட்டுவிடுவாள். சில ராத்திரி தூக்கம் போகும், போகட்டும்.

இனி, கை. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் எல்லோரும் முதலில் செய்வது, விரல்களை ஆட்டிக் குட்டியைக் கடிக்க வைப்பது. இந்த வயதில் அந்தக் கடி கூச்சமாகத்தான் இருக்கும், பார்க்கவும் அழகு. ஆறு மாதத்துக்குப் பின் அதே பூனைக்கு நிரந்தரப் பற்கள் முப்பதும் முளைத்திருக்கும், அப்போது "ஏன் கடிக்கிறே" என்று அடிப்பது எந்த நியாயத்தில் சேர்த்தி? கை என்பது சோறு வைப்பதும் தடவிக் கொடுப்பதும் மட்டும்தான் என்று குட்டிக்குப் பழக வேண்டும். கடித்துவிட்டால் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், இழுத்தால் இரை தப்பி ஓடுவதாக நினைத்து இன்னும் இறுக்கும், தோலும் கிழியும். அப்படியே தளர விட்டு, விட்டதும் ஒரு துணிப் பொம்மையை வாய்க்குக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுங்கள். விளையாட்டு அந்த நிமிடமே நின்றுபோவதுதான் அதற்குப் புரிகிற பாடம். கூடப்பிறந்த குட்டிகள் இருந்தால் இந்தப் பாடத்தை அவையே நடத்தியிருக்கும்: பலமாகக் கடித்தால் மற்றது கத்திவிட்டு ஓடிவிடும். தனியாகக் கிடைத்த குட்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் ஆயிரக்கணக்கான பூனைகளின் விவரங்களைத் திரட்டி 2017-இல் வெளியான ஆய்வும், எட்டு வாரத்துக்கு முன்பே தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட பூனைகளிடம் ஆக்ரோஷம் கூடுதலாகக் காணப்படுவதைக் காட்டியது. தெருவில் தாயோடு நன்றாக இருக்கும் குட்டியை "அழகா இருக்கே" என்று அவசரப்பட்டுத் தூக்கி வர வேண்டாம் என்று நான் மன்றாடிச் சொல்வது இதனால்தான். அங்கேயே உணவு வையுங்கள், கொஞ்சம் வளரட்டும்.

நான்காவது மாதம் நெருங்கும்போது பால் பற்கள் விழ ஆரம்பிக்கும், ஆறாவது மாத வாக்கில் முடியும். அந்தச் சமயத்தில் கடி அதிகமாவது பல் ஊறலால். ஈரத் துணியைக் கொஞ்ச நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்துக் கொடுத்தால் மென்றுகொண்டு கிடக்கும். தரையில் அரிசி மாதிரி ஒரு பல் கிடைத்தால் பதற வேண்டாம்.

விளையாட்டாகப் பட்ட கீறலென்றாலும் இரத்தம் வந்தால் அலட்சியம் கூடாது. தெருவிலிருந்து வந்த, தடுப்பூசி போடாத குட்டி என்றால் கண்டிப்பாகக் கூடாது. குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். ரேபிஸ் தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே போடுகிறார்கள். மஞ்சள் வைத்துக் கட்டுவது, சுண்ணாம்பு தடவுவது இதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

குட்டியை அடக்க வேண்டும் என்று துடைப்பத்தைக் காட்டி விரட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தரையில் சரசரவென்று நகரும் துடைப்பம் பூனைக்கு எவ்வளவு பெரிய விளையாட்டு என்று யோசித்தால் அது எதற்கு உதவும் என்று தெரிந்துவிடும். முகத்தில் தண்ணீர் தெளிப்பதும் மூக்கில் சுண்டுவதும் பயத்தை மட்டும் வளர்க்கும், நீங்கள் இல்லாத நேரத்தில் அது செய்வதைச் செய்துகொண்டுதான் இருக்கும். அதற்குப் பதிலாக வீட்டைக் கொஞ்சம் மாற்றினோம். திரைச்சீலைகளை மேலே தூக்கிக் கட்டினோம். பழைய முக்காலியின் ஒரு காலில் தேங்காய் நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, அவள் தூங்கி எழும் இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்தோம், ஏனென்றால் எழுந்ததும் சோம்பல் முறித்து நகத்தைத் தீட்டுவதுதான் அவளுக்கு முதல் வேலை. சன்னல் ஓரம் ஏறி உட்கார ஒரு இடம். ஓட்டம் தரையிலிருந்து மேலே ஏறினால் பாதி சத்தம் குறைந்துவிடும்.

மேலே ஏறுவதில் நம் ஊர் வீடுகளில் ஒரு பெரிய அபாயம் இருக்கிறது: மின்விசிறி. பீரோ மேலிருந்தோ பரணிலிருந்தோ சுழலும் விசிறியை நோக்கித் தாவும் குட்டிகள் உண்டு. விசிறிக்குக் கிட்டத்தில் இருக்கும் உயரங்களுக்கு ஏற வழியில்லாமல் பண்ணிவிடுங்கள். மாடி வீடாக இருந்தால் சன்னலுக்கும் பால்கனிக்கும் உறுதியான வலை அடித்தே ஆக வேண்டும். பூனை எங்கிருந்து விழுந்தாலும் காலில்தான் நிற்கும் என்ற நம்பிக்கையில் இருக்காதீர்கள், தாடையும் காலும் உடைந்து, நெஞ்சில் அடிபட்டு வருகிற பூனைகளைப் பற்றி எந்தக் கால்நடை மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார். கொசுவலை போதாது, நகத்தால் கிழித்துவிடும்.

அதைவிட எனக்குப் பயம் நூல்தான். பூ கட்டும் நூல், தையல் நூல், முடிக்கு மாட்டும் ரப்பர், சுவீட் பெட்டியில் கட்டி வரும் கயிறு. பூனையின் நாக்கில் இருக்கும் முட்கள் உள்நோக்கிச் சாய்ந்திருப்பதால், வாய்க்குள் போன நூலைத் துப்ப அதற்கு வராது, விழுங்கத்தான் வரும். ஒரு முனை நாக்கின் அடியில் சிக்கி மறுமுனை குடலுக்குள் போனால், குடல் சுருங்கி மடிந்து, நூல் அதை அறுத்தேவிடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைக் கண்டால் தயவுசெய்து இழுக்காதீர்கள், அப்படியே தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். நான் சொன்ன ஈர்க்குச்சி பொம்மையும் இதில் சேர்த்திதான். விளையாடி முடித்ததும் அலமாரிக்குள் போய்விட வேண்டும். இன்னொன்று, ஃபினாயில். தரை துடைத்த ஈரத்தில் ஓடிவிட்டுக் காலை நக்கினால் அது வயிற்றுக்குள் போகிறது, பூனையின் கல்லீரல் அதை முறிக்கும் திறன் இல்லாதது. நாங்கள் வெறும் தண்ணீரும் கொஞ்சம் சோப்புமாக மாறிவிட்டோம்.

சரி, எது விளையாட்டு இல்லை? விளையாட்டாக ஓடும் குட்டி பெரும்பாலும் குரல் எழுப்பாமல் ஓடும். உறுமல், சீறல், காதுகள் தலையோடு ஒட்டிப் படிந்திருப்பது, ஓடிப்போய் ஒளிந்துகொண்டு வெளியே வராமல் இருப்பது, இதெல்லாம் பயமோ வலியோதான். மலம் கழித்தவுடன் ஒரு ஓட்டம் ஓடுவது நிறையக் குட்டிகளின் வழக்கம், அதில் ஒன்றுமில்லை. ஆனால் மண் தொட்டியில் முக்கிக்கொண்டே இருப்பது, கத்துவது, ஆசனவாயைத் தரையில் தேய்ப்பது என்றால் மருத்துவரைப் பாருங்கள். உடம்பைத் திரும்பித் திரும்பிக் கடித்துக்கொண்டு ஓடினால் முதலில் தெள்ளுப்பூச்சி இருக்கிறதா என்று மயிரை விலக்கிப் பார்க்க வேண்டும். இருந்தால் நாய்க்கு வாங்கிய மருந்தை மட்டும் போட்டுவிடாதீர்கள், அவற்றில் சிலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி பூனையின் உயிரையே எடுக்கும்.

இரண்டாவது குட்டி வேண்டுமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். இடமும் வசதியும் இருந்தால், ஒரே வயிற்றில் பிறந்த இரண்டைச் சேர்த்து எடுப்பது நல்லது என்றுதான் நான் நினைக்கிறேன். மல்லுக்கட்ட ஆள் கிடைக்கும், உங்கள் கணுக்கால் பிழைக்கும். ஆனால் ஒரு குட்டியை அடக்குவதற்காக மட்டும் இன்னொன்றைக் கொண்டுவராதீர்கள், அதற்கும் பதினைந்து வருடம் நீங்கள்தான் பொறுப்பு.

பெண் குட்டியாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். நான்கு மாதத்திலேயே சிலவற்றுக்குச் சூடு, அதாவது இணைசேரும் பருவம், வந்துவிடும். தரையில் உருள்வது, பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பது, இரவெல்லாம் இழுத்து இழுத்துக் கத்துவது, இதையும் விளையாட்டு வெறி என்று நினைத்துக்கொண்டு குச்சி பொம்மையைத் தூக்கினால் பலனிருக்காது. மிளகுக்கு மருத்துவர் எடையைப் பார்த்து, ஐந்தாவது மாதத்தில் கருத்தடை அறுவைசிகிச்சைக்கு நாள் கொடுத்தார். தையல் ஆறும் வரை குதிக்க விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார், அந்த நாட்களில் குச்சி பொம்மையை எடுக்கவே இல்லை, கோழித் துண்டுகளைக் காலி முட்டை அட்டையின் குழிகளில் போட்டுக் கொடுத்தோம். காலால் நோண்டி எடுத்துத் தின்பதிலேயே அவளுக்கு நேரம் போனது. வெயில் காலத்தில் விசிறிக்கடியில் கிடக்கும் வளர்ந்த பூனைக்கும், வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் தனியாக இருக்கும் குட்டிக்கும் அந்த முட்டை அட்டை நன்றாகவே உதவும்.